தொழில் தெரிந்த பணம்

பெரும் பணக்காரக் குடும்பங்கள் தங்கள் செல்வத்தைப் பெருக்குவதற்கென்றே தனிக் காரியாலயம் வைத்துக்கொள்கின்றன. 'பேமிலி ஆபீஸ்' என்று அதற்குப் பெயர். கோடீசுவரன் வீட்டுக் கணக்குக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள், தோழர்களே! சம்பந்தம் உண்டு. அவர்கள் பணம் போடும் முறையிலே பாட்டாளிக்கும் ஒரு பாடம் இருக்கிறது.

டென்மார்க்கிலே பில்லுண்ட் என்ற சிற்றூர். 1932-இல் ஓலே கிர்க் கிறிஸ்டியான்சென் என்ற தச்சர் அங்கே மரப் பொம்மை செய்யத் தொடங்கினார். அந்தப் பட்டறைதான் இன்றைய 'லெகோ' கம்பெனி. அக்குடும்பத்தின் முதலீட்டு நிறுவனம் கிர்க்பி. லெகோவில் 100-க்கு 75 பங்கு அதன் கையில்.

2003, 2004 ஆண்டுகளில் லெகோவுக்குப் பெரு நட்டம். 2005-இல் லெகோலாந்து விளையாட்டுப் பூங்காக்களை மெர்லின் கம்பெனிக்கு விற்றார்கள். விற்றுக் கைகழுவினார்களா? இல்லை! மெர்லினிலேயே பங்கு பெற்றார்கள். 2019-இல் வேறு இரு முதலீட்டாளருடன் கூடி, கடன் உட்பட 590 கோடி பவுன் மதிப்பில் மெர்லினையே வாங்கினார்கள். 2022-இல் எபிக் கேம்ஸ் என்ற கணினி விளையாட்டுக் கம்பெனியில் 100 கோடி டாலர் போட்டார்கள். அதே ஆண்டில், பிள்ளைகளுக்குப் படம் காட்டிப் பாடம் சொல்லும் பிரெயின்பாப்பை 87.5 கோடி டாலருக்கு வாங்கினார்கள்.

பூங்கா, விளையாட்டு, பாடம்: மூன்றிலும் வாடிக்கையாளர் யார்? குழந்தை! குழந்தை எதை விரும்பும், பெற்றவர் எதற்குக் காசு கொடுப்பார் என்பது பல தலைமுறைப் பழக்கம். பணத்தோடு லெகோவின் பெயரும் சேர்கிறது. 2023-இல் எபிக்கின் விளையாட்டுக்குள்ளேயே லெகோ புகுந்தது. சொந்தப் பணமாதலால் காத்திருக்கவும் முடிகிறது. ஆயினும், தெரிந்த தொழிலும் ஒருநாள் சரியலாம் அல்லவா? அதனால் காற்றாலையிலும் கட்டடத்திலும் ஒரு பகுதியைப் போட்டு வைத்திருக்கிறார்கள்.

சரி, இந்தத் தொழிலறிவு யாருடையது? குடும்பத்துக்கு மட்டுமா? அச்சு வார்த்தவன், கட்டைக்குக் கட்டை பொருந்தப் பார்த்தவன், கடையிலே விற்றவன் ஆகிய அத்தனை பேருடையது! 2017-இல் விற்பனை சரிந்தபோது 1,400 வேலைகளை வெட்டுவதாக லெகோ அறிவித்தது. குடும்பத்தின் அறிவு வட்டி ஈட்டியது; ஊழியன் அறிவு வீட்டுக்குப் போயிற்று!

தொழிலறிவை மூலதனமாக்குவது செல்வருக்கே உரிய வித்தையா? நம் நாட்டிலேயே மறுப்பு உண்டு. 1950-களில் காபி போர்டு தன் காபி ஹவுஸ்களை மூடி ஊழியரை வெளியேற்றியது. ஏ.கே. கோபாலன் துணை நிற்க, அவர்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். 1957 ஆகஸ்டில் பெங்களூரில் சங்கம். அக்டோபரில் டில்லியில் இந்தியன் காபி ஹவுஸ்! பை நிறையப் பணமில்லை; காபி போடத் தெரியும், பரிமாறத் தெரியும், கணக்கு வைக்கத் தெரியும். அதுவே முதல். இன்றும் பல நகரங்களில் அவை நடக்கின்றன.

கிர்க்பியிடமிருந்து நம் சங்கங்கள் கற்க வேண்டியவை இரண்டு: சேமநிதி, பொறுமை. சிக்கன நாணயச் சங்கத்துப் பணத்தை, ஊர் பேர் தெரியாத சீட்டுக் கம்பெனியின் கவர்ச்சி வட்டிக்குக் கொடுத்து ஏமாறுவானேன்? கை அறிந்த தொழிலில் போடுங்கள்; ஒரு பகுதியைக் கெட்ட காலத்துக்கு ஒதுக்குங்கள்; அவசரப்படாதீர்கள். தொழில் தெரிந்தவன் கையில் பணமும் சேர்ந்தால், அவனை வாசலுக்கு வெளியே நிறுத்த எவராலும் எளிதில் முடியாது!