விற்ற பொருளும் விற்காத உயிரும்

1956-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜெனித் ஸ்தாபனத்துக்காக ராபர்ட் ஆட்லர் உருவாக்கிய தொலைக்காட்சி ரிமோட், பொத்தானை அமுக்கியதும் சிறு சுத்தி ஒன்று அலுமினியத் தண்டைத் தட்ட, மனிதச் செவிக்கு எட்டாத அந்த நாதத்தையே ஆணையாக அனுப்பி, பாட்டரியின் தயவுகூட இன்றி இயங்கியது. 60 ஆண்டுகள் கழித்து, வீட்டின் விளக்கு, பூட்டு முதலிய பல சாதனங்களை ஒன்றாக ஆளவல்ல ரிவால்வ் என்னும் கருவியோ, அதைத் தயாரித்த கம்பெனியை 2014-இல் வாங்கிய நெஸ்ட் நிறுவனம் 2016 மே மாதத்தில் அதன் சர்வர் சேவையை நிறுத்தியவுடன், பழுது ஏதுமின்றியே ஜீவனற்றுப் போயிற்று. விற்ற பொருளின் உயிரை விற்றவனே தன் கைவசம் வைத்துக்கொள்வது விற்பனையாகாது. ஸ்தாபனம் விலகினாலும் வாங்கியவர் வீட்டில் கருவி தொடர்ந்து இயங்க வழிசெய்வதே வியாபார தர்மம். அதனைச் சட்டமும் கட்டாயமாக்குதல் அவசியம்.