கேசட் கடைகள் போய்விட்டன, கேசட்டுகளையாவது காப்பாற்றுங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதலில் செய்யும் வேலைகளில் ஒன்று பாட்டுக் கேட்பது. பாட்டின் பெயரை டைப் செய்தால் அடுத்த நொடியே ஒலிக்கிறது. இந்த வசதி எனக்கும் பிடிக்கும். ஆனாலும் பழைய கேசட் கடைகளை நினைத்தால் ஏக்கமாகத்தான் இருக்கிறது.

பிலிப்ஸ் நிறுவனம் 1963-ல் அறிமுகப்படுத்திய கேசட், 1980-களில் நம் ஊர்களில் வெகுவாகப் பரவியது. கடைத்தெருவுக்குக் கடைத்தெரு 'ரெக்கார்டிங் சென்டர்'கள் முளைத்தன. பாட்டுப் பட்டியலையும் பிளாங்க் கேசட்டையும் கொடுத்தால் பதிந்து தருவார்கள். 60 நிமிட கேசட்டில் பக்கத்துக்கு 30 நிமிடம்தான். ஆறேழு பாட்டுக்கு மேல் இடமில்லை. எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று வீட்டில் பட்டிமன்றமே நடக்கும். பட்டியலைப் பார்த்தே நம் ரசனையைப் புரிந்துகொண்டு, "இந்தப் பாட்டையும் சேர்க்கட்டுமா சார்?" என்று கேட்கும் கடைக்காரர்கள் இருந்தார்கள். இப்படிப் பதிந்தவை பெரும்பாலும் அனுமதி பெறாத பிரதிகள் என்பதை மறுக்க முடியாது. அதை நான் நியாயப்படுத்தவில்லை.

அந்தச் சினிமாப் பாடல்கள் பெரும்பாலும் இன்று இன்டர்நெட்டில் கிடைக்கின்றன. என் கவலை வேறு. அதே கடைகளில் சிறு நிறுவனங்கள் வெளியிட்ட வில்லுப்பாட்டு, நாட்டுப்புறப் பாட்டு, ஊர்க்கோயில் பாடல் கேசட்டுகளும் இருந்தன. அவற்றில் பல சி.டி.யாகக்கூட வரவில்லை. அங்கே வாங்கிய பிளாங்க் கேசட்டில்தான் தாத்தாவின் பாட்டையும் குழந்தையின் மழலையையும் பதிந்தோம். வளைகுடா நாடுகளில் வேலை பார்த்தவர்களுக்குக் கடிதத்துக்குப் பதில் பேசி அனுப்பியதும் கேசட்டில்தான். இவற்றுக்கு வேறு பிரதி கிடையாது.

கேசட் நாடா என்பது காந்தத்தூள் பூசிய மெல்லிய பிளாஸ்டிக். வெயிலும் ஈரமும் அதைக் கெடுக்கும், பூஞ்சை பிடிக்கும். கேசட் பிளேயர்களும் குறைந்து வருகின்றன. ஆகவே காத்திருக்காதீர்கள்.

வேலை எளிது. பிளேயரின் ஹெட்போன் துளையிலிருந்து ஒரு கேபிளை கம்ப்யூட்டரின் 'லைன் இன்' துளையில் செருகுங்கள். லேப்டாப்பில் அந்தத் துளை இல்லாவிட்டால், லைன் இன் உள்ள யு.எஸ்.பி. சவுண்ட் கார்டு தேவைப்படும். 'ஆடாசிட்டி' என்ற இலவச சாப்ட்வேரில் பதியலாம். 60 நிமிட கேசட்டைப் பதிய 60 நிமிடமாகும். சி.டி. தரத்தில் வேவ் பைலாகச் சேமித்தால் சுமார் 600 எம்.பி. இடம் பிடிக்கும், 128 கே.பி.பி.எஸ். எம்.பி.3 என்றால் 60 எம்.பி.க்குள் அடங்கும். பைலுக்குப் பெயர் வைக்கும்போது யார் குரல், எந்த ஆண்டு என்பதையும் சேர்த்துவிடுங்கள். இன்னொரு பிரதியைப் பென் டிரைவிலும் வையுங்கள்.

வீட்டார் குரல் உள்ள கேசட்டை முதலில் எடுங்கள். சினிமாப் பாட்டு காத்திருக்கும்.