டொமைன் யார் பெயரில் இருக்கிறது?



சிறுதொழில்களுக்கு இணையதளம் அவசியம் என்று பேசுகிறவர்கள், தளம் திறந்த மறுநாளிலிருந்து அதை யார் பார்த்துக்கொள்வது என்று சொல்வதில்லை. எங்கள் கரூரில் போர்வை, திரைச்சீலை ஏற்றுமதி செய்கிறவர்கள் ஜெனரேட்டருக்கும் ஏ.சி.க்கும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் (ஏ.எம்.சி.) போடுகிறார்கள். வெளிநாட்டு வாங்குநர் பார்க்கும் தளத்துக்குப் போடுவோர் குறைவு.

வேர்ட்பிரஸ் தளம் என்றால் பிளக்இன்களை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். பழைய பதிப்புகளின் ஓட்டைகள் ஊரறிந்தவை. அவற்றைத் தேடியே தானியங்கி நிரல்கள் அலைகின்றன. வேர்ட்பிரஸை இயக்கும் பிஎச்பி மொழியின் 7.4 பதிப்புக்கான அதிகாரப்பூர்வப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 நவம்பரிலேயே நின்றுவிட்டன. லெட்ஸ் என்கிரிப்ட் இலவசமாகத் தரும் வழக்கமான தளப் பாதுகாப்புச் சான்றிதழுக்கு ஆயுள் 90 நாள்தான். தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாடு நின்றுபோனால் வாங்குநரை வரவேற்பது பிரவுசரின் எச்சரிக்கைதான்.

இதைவிடப் பெரிய சங்கடம் டொமைன், அதாவது தளத்தின் முகவரிப் பெயர். பல இடங்களில் அது தளத்தை வடிவமைத்த இளைஞரின் மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது. அவர் வேலை மாறிப் பெங்களூரு போனாலும் புதுப்பிப்பு நினைவூட்டல்கள் அவருக்கேதான் போகும். டொமைன் காலாவதியாகி, தளத்தோடு அலுவலக மின்னஞ்சலும் நின்ற பிறகே முதலாளிக்கு விஷயம் தெரியவரும்.

பராமரிப்பு நிறுவனங்களும் "எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்பதோடு நிறுத்தக் கூடாது. டொமைனும் ஹோஸ்டிங்கும் வாடிக்கையாளர் பெயரில் இருக்க வேண்டும். பேக்கப் வேறு சர்வரில் இருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையாவது அதிலிருந்து தளத்தை மீட்டுக் காட்ட வேண்டும். (மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நான் நம்புவதில்லை.) இவை எழுத்தில் இல்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். தொழில் சங்கங்களே ஒரு மாதிரி ஒப்பந்தம் தயாரித்து உறுப்பினர்களுக்குத் தரலாம். அதற்கு அரசாணை எதுவும் தேவையில்லை.

— ஒரு வாசகர், கரூர்