இரவு ஏழரை மணிக்கு மின்சாரம் எங்கிருந்து வரும்?

நிலக்கரியை ஒழிக்க வேண்டும் என்று பள்ளிப் பேச்சுப் போட்டியில் முழங்கினால் கைத்தட்டல் கிடைக்கும். சொல்வதில் தவறில்லை. ஆனால், மாணவர்களே, அந்த ஒலிபெருக்கிக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதையும் தெரிந்துகொண்டு பேசுவது நல்லது. தீபகற்ப மலேசியாவில் சமீப ஆண்டுகளில் உற்பத்தியான மின்சாரத்தில் பாதிக்கும் மேல் நிலக்கரியை எரித்துப் பெற்றதுதான். பேராவில் மஞ்சோங், சிலாங்கூரில் காப்பார், நெகிரி செம்பிலானில் ஜிமா, ஜொகூரில் தஞ்சோங் பின் ஆகிய நான்கு பெரிய நிலையங்களும் கடலோரத்தில் இருக்கின்றன. கரி கப்பலில் வருகிறது. நீராவியைக் குளிர வைக்கக் கடல்நீரும் வேண்டும்.

நமக்கும் ஒரு காலத்தில் சொந்தச் சுரங்கம் இருந்தது. சிலாங்கூரின் பத்து ஆராங்கில் தமிழர்கள் உட்படப் பல இனத் தொழிலாளர்கள் தோண்டிய கரிதான் மலாயா ரயில்களை ஓட்டியது. 1960இல் அது மூடப்பட்டது. இன்று தீபகற்ப நிலையங்களுக்குக் கரி வெளிநாட்டிலிருந்து வருகிறது, பெரும்பகுதி இந்தோனேசியாவிலிருந்து. 2022 ஜனவரியில், தன் சொந்த மின்நிலையங்களுக்கே கரி போதவில்லை என்று அந்நாடு ஏற்றுமதிக்குத் தடை போட்டது. சில வாரங்களில் தடை தளர்ந்தது உண்மைதான். ஆனாலும் கரியை நம்பகமான எரிபொருள் என்று புகழ்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

வீட்டுக் கணக்கு ஒன்று போடுவோம். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய அரை கிலோ கரி எரிய வேண்டும். படுக்கையறை ஏர்கோன் இரவு முழுக்க 6 யூனிட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு 3 கிலோ கரி. அதில் பாதி கார்பன் என்றால் ஒன்றரை கிலோ. 12 கிராம் கார்பன் 32 கிராம் உயிர்வளியுடன் சேர்ந்து 44 கிராம் கரிவளி ஆகிறது என்று வேதியியலில் படித்திருப்பீர்கள். ஆக, ஓர் அறைக்கு ஓர் இரவில் ஐந்தரை கிலோ கரிவளி. எரித்த கரியின் எடையைவிட வெளியேறும் வாயுவின் எடை அதிகம்!

நிலக்கரி நிலையங்களை 2035க்குள் பாதியாகக் குறைத்து, 2044க்குள் முழுவதும் மூடுவது அரசின் திட்டம். இந்தக் கெடுவை நான் ஆதரிக்கிறேன். என் கவலை, அந்த இடத்துக்கு எது வரப்போகிறது என்பதுதான்.

சோலார் தகடுகளின் விலை வெகுவாக இறங்கிவிட்டதால் பகலைச் சமாளிக்கலாம். இரவு ஏழரை மணிக்குச் சூரியன் இல்லை. ஆனால் வீடுதோறும் விளக்கு, மின்விசிறி, ஏர்கோன், சோறு வேகும் குக்கர். இதற்கு எனக்குப் பிடித்த ஒரு வழி உண்டு. திரெங்கானுவின் கென்யிர் போன்ற அணை ஏரிகளில் சோலார் தகடுகளை மிதக்கவிடுவது. பகலில் தகடுகள் மின்சாரம் தரும்; அந்நேரம் தண்ணீரைத் திறக்காமல் தேக்கி வைத்து, இரவில் திறந்துவிட்டால் விசையாழி சுழலும். ஏரியே மின்கலம்! ஆனால் அளவைப் பாருங்கள். கென்யிர் மின்நிலையத்தின் மொத்தத் திறன் 400 மெகாவாட். மஞ்சோங்கின் ஐந்தாவது பிரிவு ஒன்று மட்டும் 1,000 மெகாவாட். அணைகளை மட்டும் நம்பினால் போதாது. பெரிய மின்கலத் தொகுதிகளை இப்போதே கட்டத் தொடங்க வேண்டும்.

சுலபமான வழி வேறு இருக்கிறது: கரிக்குப் பதில் இயற்கை எரிவாயு. ஒரு யூனிட்டுக்கு அது வெளியிடும் கரிவளி ஏறக்குறைய பாதிதான். ஜொகூரில் பெருகும் தரவு மையங்களுக்கோ இரவு பகல் பாராமல் மின்சாரம் வேண்டும். அதனால் எல்லாரும் எரிவாயுவையே நாடுவார்கள். ஆனால் 2013 முதல் மலாக்காவின் சுங்கை ஊடாங் முனையத்தில் திரவ எரிவாயுவையும் கப்பலில் இறக்கிக்கொண்டுதான் இருக்கிறோம். கரிக் கப்பல் போய் எரிவாயுக் கப்பல் வரும், அவ்வளவுதான். மேலும், 2035இல் கட்டும் எரிவாயு நிலையம் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடும். 2050க்குள் நிகரச் சுழிய உமிழ்வை எட்டுவோம் என்று நாடு சொல்லியிருக்கிறதே, அப்போதும் அது புகைத்துக்கொண்டிருக்கும். அவசரத் தேவைக்குச் சில எரிவாயு நிலையங்கள் இருக்கட்டும். கரியின் வாரிசாக அதை ஆக்கக் கூடாது.

பழைய கரி நிலையங்களின் ஒப்பந்தங்கள் இந்தப் பத்தாண்டின் இறுதியிலிருந்து ஒவ்வொன்றாக முடியத் தொடங்கும். ஒரு நிலையம் மூடப்படும் செய்தி வரும்போது, அதற்குப் பதிலாக எத்தனை மெகாவாட் சோலார் என்பதோடு நிறுத்தாமல், அந்த மின்சாரத்தை இரவில் எத்தனை மணிநேரம் தரமுடியும் என்று தேடிப் பாருங்கள்.