கர்ப்பம் தாங்கும் அப்பா

கோவளத்தை அடுத்த விழிஞ்ஞத்தில் சிப்பி பறிக்க மூழ்குபவர்களுக்குக் கடலடிப் பாறைகள் சொந்தத் தெருவைப் போல. கேரளக் கரையின் பெரும்பகுதி மணலாக இருக்க, திருவனந்தபுரத்தின் இந்தப் பகுதியில் பாறைகள் கடலுக்குள்ளும் தொடர்கின்றன. மீனவர்கள் 'பார்' என்று சொல்லும் இத்தகைய திட்டுகளின் இடுக்குகள்தான் சிலவகைக் குழல்மீன்களுக்கு வீடு.

கடல்குதிரையின் தலையை நிமிர்த்தி, வாலை நீட்டிவிட்டால் குழல்மீன். இரண்டும் ஒரே குடும்பம். செதில்களுக்குப் பதில் உடலைச் சுற்றி எலும்பு வளையங்கள். வாய் நீண்ட குழாய். நுனியில் சின்னத் துளை, பல் கிடையாது. கண்ணுக்கு எட்டாத அளவு சிறிய இறால் இன உயிர்களைச் சட்டென்று உறிஞ்சிவிடும். இரைப்பையும் இல்லை என்பதால், பகல் முழுவதும் சாப்பாட்டு வேட்டைதான்.

பாறைவாழ் வகைகளில் அழகானது நீலக்கோட்டுக் குழல்மீன். ஆப்பிரிக்கக் கரையிலிருந்து பசிபிக்கின் அமெரிக்கக் கரைவரை பரவியிருக்கிறது. முழு வளர்ச்சியிலும் 7 செ.மீ.தான். ஆரஞ்சு உடலில் பளீரென்று ஒரு நீலக்கோடு, கொடிபோல் விரிந்த வால். ஜோடியாக இடுக்குகளில் வாழும். பொந்தின் கூரையில் தலைகீழாகவும் நீந்தும். பெரிய மீன்களின் மேலுள்ள ஒட்டுண்ணிகளைக் கொத்தித் தின்று, அவற்றைச் 'சுத்தம்' செய்வதும் உண்டு.

ஆனால் இந்தக் குடும்பத்தின் பெரிய விசேஷம் பிரசவம். பெண் முட்டைகளை ஆணிடம் ஒப்படைத்துவிட்டுப் போய்விடும். பல வகைகளில் ஆண் அவற்றை வாலடியில் சுமக்கிறது; நீலக்கோட்டு வகையில் வயிற்றடியில். குஞ்சு பொரிக்கும்வரை முட்டைகளுக்குப் பிராணவாயு கிடைக்கச் செய்வதும் அப்பாவின் பொறுப்பு. வெளியே வந்த குஞ்சுகளுக்கு அதன்பின் யார் துணையும் கிடையாது.

ஆபத்தும் இங்கேதான். மற்ற பல மீன்கள் முட்டைகளைக் கடலில் விட்டுவிடுகின்றன. தகப்பன் பிடிபட்டாலும் முட்டைகள் பிழைக்க வாய்ப்புண்டு. குழல்மீனில் சுமை தாங்கிய ஓர் ஆண் வலையில் சிக்கினால், அதன் வயிற்றடியிலிருக்கும் அத்தனை குஞ்சுகளும் அதோடு போயின. ஒரு மீன் என்று கணக்கில் வருவது உண்மையில் ஒரு குடும்பம்.

2001-ல் மத்திய அரசு கடல்குதிரை, குழல்மீன் குடும்பம் முழுவதையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது. புலிக்கும் யானைக்கும் தரப்பட்ட அதே அந்தஸ்து. கிழக்காசிய மருந்துச் சந்தைக்காக உலர்த்தி விற்கும் வியாபாரத்துக்கு அது தடை. ஆனால் இழுவலைக்குச் சட்டம் தெரியாது. இறாலுக்கு வீசிய வலையில் குழல்மீனும் வருகிறது. கரைக்கு வரும்போது பெரும்பாலும் உயிர் இருப்பதில்லை. திருப்பிக் கடலில் எறிந்தாலும் பயனில்லை.

வேண்டியது பாறை இடுக்குகளுக்கும் பாதுகாப்பு. விழிஞ்ஞத்தில் 2015-ல் தொடங்கிய துறைமுகப் பணியின் முதல் கட்டம் முடிந்து, 2025 மே 2 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. கடலரிப்பால் வீடிழந்த மீனவர்கள் 2022-ல் நூறு நாட்களுக்கு மேல் போராடினார்கள்; அவர்கள் பிரச்னை ஊருக்குத் தெரிந்தது. ஏழு செ.மீ. மீன்கள் கொடி பிடிக்க முடியாது. அவை குடியிருக்கும் 'பார்'கள் எங்கெங்கே, எந்த நிலையில் இருக்கின்றன என்ற கணக்கையாவது மனிதர்கள் வைத்திருக்க வேண்டும். அந்தக் கணக்கைச் சிப்பி பறிப்பவர்களிடமிருந்தே தொடங்கலாம்.