நிறம் நீங்கினால் நீர் தூய்மையா?



உளூச் செய்வதற்குரிய நீர் எது என்னும் பாடம் மத்ரஸாவின் தொடக்க வகுப்பிலேயே வந்துவிடுகிறது. அசுத்தம் கலந்து நிறம், சுவை, மணம் ஆகிய மூன்றில் ஒன்று மாறிவிட்டால் அந்நீர் தூய்மைக்கு உதவாது என்பது சட்டம். இன்று ஆறுகளின் நிறத்தையே மாற்றிவிடும் சாயக்கழிவை, ஒளியின் துணைகொண்டு சிதைக்கலாம் என்கின்றனர் விஞ்ஞானிகள். அது எவ்வளவு தூரம் உண்மை என்பதை இம்மாதம் ஆராய்வோம்.

1967இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராயிருந்த அகிரா ஃபுஜிஷிமா, நீரில் அமிழ்த்திய டைட்டானியம் டை ஆக்சைடின்மீது ஒளியைப் பாய்ச்சியபோது வாயுக்குமிழ்கள் எழக் கண்டார். ஒளியின் ஆற்றலால் நீர் பிளவுண்டிருந்தது. தம் பேராசிரியர் கெனிச்சி ஹோண்டாவுடன் அவர் எழுதிய கட்டுரை 1972இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. சுவர்ப்பூச்சுக்கு வெண்மை தரும் சாதாரணப் பொருளே அந்த ஆக்சைடு! 1977இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இருவர், அதனைக் கொண்டே நீரிலிருந்த சயனைடு நஞ்சைச் சிதைத்துக் காட்டினர்.

புற ஊதாக் கதிர் பட்டதும் ஆக்சைடுத் துகளிலுள்ள எலக்ட்ரான் தன் இடம்விட்டுத் தாவுகிறது. அது விட்டுச்சென்ற வெற்றிடம் நீருடன் வினைபுரிந்து, ஹைட்ராக்சில் என்னும் வீரியமிக்க துணுக்கை உண்டாக்குகிறது. அதன் ஆயுள் இமைப்பொழுதினும் குறுகியது. எனினும் அதற்குள் அருகிலுள்ள சாய மூலக்கூறைத் தாக்கி உடைத்துவிடுகிறது. வினை முற்றுப்பெற்றால் கரியமில வாயுவும் நீரும் சிறிது உப்புமே எஞ்சும். ஆக்சைடோ செலவாவதில்லை. ஆகவே இதனை ஒளிவினையூக்கி என்பர். துத்தநாக ஆக்சைடும் இவ்வகையினதே.

இவ்வினை துகளின் மேற்பரப்பில்தான் நிகழும். ஆதலால் துகளை நானோ அளவுக்கு நுண்மையாக்குகின்றனர். ஒரு மில்லிமீட்டரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கே ஒரு நானோமீட்டர். இருபது நானோமீட்டர் அளவுள்ள துகள்களில் ஒரு கிராம் எடுத்தால், அவற்றின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 50 சதுர மீட்டர். ஒரு சிறு வீட்டின் தரையளவு!

எனினும் இதன் எல்லைகளையும் அறிதல் வேண்டும். டைட்டானியம் டை ஆக்சைடு ஏற்கும் புற ஊதாக் கதிர், வெயிலின் ஆற்றலில் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவே. அடர்ந்த சாயநீரில் ஒளி உட்புகாது. நுண்துகளை நீரிலிருந்து மீட்பதும் எளிதன்று. குரோமியமும் உப்பும் சிதைந்து மறைவதில்லை. அவற்றைத் தனியே பிரித்தே ஆகவேண்டும். அனைத்தினும் முக்கியமானது, முதலில் மறைவது நிறம் என்பதே. உடைந்த துண்டுகள் நிறமின்றி நீரிலேயே தங்கக்கூடும். அவற்றுட் சில, மூலச் சாயத்தினும் கொடியவையாகவும் இருக்கலாம்.

1978இல் சவூதி மூத்த உலமாக்கள் சபை, சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீர் நிறம், சுவை, மணம் மூன்றிலும் தன் இயல்புக்கு மீண்டால் தூய்மைக்குப் பயன்படுத்தலாம் எனத் தீர்மானித்தது. அங்ஙனம் மீண்டதா என்பதற்குத் துறை வல்லுநரின் சான்றையும் வேண்டியது. கண்ணுக்குத் தெளிவாகத் தோன்றுவது மட்டும் போதாது என்னும் நுட்பம் இதில் அடங்கியுள்ளது.

பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் ஆலைகள் குறித்து 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நொய்யலைக் கெடுத்த திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடுமாறு 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. தோல் தொழிலில் நம் சமுதாயத்தவரின் பங்கு பெரிது. ஆகவே பொறுப்பும் பெரிது. தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதையே நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருக்க, ஊரார் கிணற்றில் நஞ்சு ஊறவிட்டு ஈட்டிய பொருளைக் கொண்டு ஸதக்கா வழங்குவதில் என்ன சிறப்பு இருக்க முடியும்?

கழிவைத் தோன்றும் இடத்திலேயே குறைத்தல், பிரித்தல், சுத்திகரித்தல், அதன்பின் எஞ்சியதைச் சிதைக்க ஒளிவினையூக்கி, இதுவே முறை. விஞ்ஞானம் வந்து கழுவிக்கொள்ளும் என்று ஆற்றில் கொட்டுவது அமானிதத்திற்குச் செய்யும் துரோகமாகும். அப்பழியினின்றும் வல்ல நாயன் நம் அனைவரையும் காப்பானாக! ஆமீன்.