உட்கார ஓர் இடம்

பல்கலைக்கழக நூலகங்களை நவீனமாக்குகிறார்களாம்: சோபா, கண்ணாடி அறை, கலர் விளக்கு. யாரைக் கேட்டு வரைந்தீர்கள்? எங்க பூலாம்பாடிக் காலனியில் ஒத்த ரூம் வீடு. அதுக்குள்ளேயே அடுப்பு, டிவி, கைக்குழந்தை. பிள்ளை எங்கே உட்கார்ந்து படிக்கும்?

பம்பாய் பரேலில் ஒற்றை அறையில், வீடு தூங்கிய பின்னிரவில் படித்தவர் அண்ணல் அம்பேத்கர். 1930களில் தாதரில் வீடு கட்டியபோது புத்தகங்களுக்கென்றே இடம் ஒதுக்கினார். இடத்தின் அருமை இடமில்லாதவனுக்குத்தான் தெரியும்.

2010இல் திறந்த கோட்டூர்புரம் அண்ணா நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கத் தனிக்கூடம் உண்டு. பல்கலைக்கழகம் அதைச் செய்தால் என்ன? வாசலிலேயே பையைப் பிடுங்கி, பொழுது சாய்ந்ததும் பூட்டிவிட்டு எவனுக்கய்யா நவீனம்?

நாற்காலி, விளக்கு, கக்கூஸ், நடுராத்திரி வரை திறந்த கதவு. தோழர்களே, முதலில் இதை வரையச் சொல்லுங்கள். சோபாவை அப்புறம் பார்ப்போம்.